புது பேடு போட்டும் பிரேக் கத்துதே, ஏன்?

வளையமாதேவியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய குரல் செய்தியை வைத்து, நெய்வேலியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரோடு பேசிய எபிசோடின் எழுத்து வடிவம் இது. "என் பேரைப் போட வேண்டாம், சொல்ற விஷயத்தைப் போடுங்க" என்றார். அப்படியே செய்திருக்கிறோம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை. ஒரே விஷயம் இரண்டு முறை வந்த இடங்களையும் நடுவில் டீ வந்த இடத்தையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.

தொகுப்பாளர்: வணக்கம் அண்ணே. நேயர் சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஊர் வளையமாதேவி. ஏழு வருஷம் ஓடின சின்ன கார். நெய்வேலிக்கு வேலைக்கு வர்றதுக்கும், மாசத்துல ரெண்டு மூணு தடவை அம்மாவை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறதுக்கும் அந்த வண்டிதான். மூணு வாரத்துக்கு முன்னாடி முன்சக்கரம் ரெண்டுக்கும் புது பிரேக் பேடு மாத்தியிருக்கார். அன்னிலேருந்து கத்துது. மாத்தின இடத்துல கேட்டா "ஓட ஓட சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் "டிஸ்க்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, நின்னுடும்"னு சொல்லியிருக்கார். அம்மா "இந்த வண்டில நான் வரலை, பஸ்ல போயிடலாம்"ங்கறாங்களாம். அவர் கேக்கறது ரெண்டு கேள்வி. எண்ணெய் விடலாமா? அம்மாவை வச்சு ஓட்டலாமா?

மெக்கானிக்: வணக்கம் தம்பி. முதல் கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடறேன், யாராவது பாதியில நிறுத்திட்டுப் போயிடப் போறாங்க. எண்ணெய் விடக் கூடாது. ஒரு சொட்டு கூட. தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், துரு எடுக்கற ஸ்ப்ரே, எதுவுமே.

அந்தத் தெரிஞ்சவரைக் குறை சொல்ல மாட்டேன். நமக்கெல்லாம் கை அப்படித்தான் போகும். கிணத்து ராட்டினம் கத்தினா எண்ணெய் விட்டோம். மாட்டுவண்டி அச்சு கத்தினா மை போட்டோம். கதவு கீல் கத்தினா இன்னிக்கும் அதான் செய்யறோம். ஆனா அதெல்லாம் வழுக்கிட்டு ஓட வேண்டிய இடம். பிரேக் பிடிக்க வேண்டிய இடம். அங்க உரசல்தான் உங்களைக் காப்பாத்துது. பேடுங்கறது பாக்கக் கல்லு மாதிரி இருந்தாலும் உள்ள பஞ்சு மாதிரி நுண்ணிய ஓட்டை இருக்கும், எண்ணெயைக் குடிச்சிடும். அப்புறம் எத்தனை தடவை துடைச்சாலும் சூடாகும்போது திரும்பக் கசியும். ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொண்ணு வழுக்கும், அவசரமா மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். ஏற்கெனவே யாராவது விட்டிருந்தா டிஸ்க்கைக் கழுவி எடுத்துடலாம். பேடைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு மாத்தணும்.

தொகுப்பாளர்: சரி, எண்ணெய் கிடையாது. அப்ப அந்தச் சத்தம் எங்கேருந்துதான் வருது?

மெக்கானிக்: ஸ்கூல்ல கரும்பலகையில சாக்பீஸை ஒரு கோணத்துல பிடிச்சா கீச்சுனு கத்துமே, உடம்பெல்லாம் கூசுமே, அதேதான். சாக்பீஸ் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதையே பாதியா உடைச்சு எழுதினா சத்தம் போயிடும். பலகையும் அதே, சாக்பீஸும் அதே, நடுங்கற நீளம் மட்டும்தான் மாறுது. பிரேக்லயும் பேடு டிஸ்க்கை ஒட்டி ஒட்டி விடுது. அந்த நடுக்கம் டிஸ்க்குக்குப் போகுது. டிஸ்க்கு கோயில் மணி மாதிரி வார்ப்பிரும்புல செஞ்ச வட்டம், அது பாட ஆரம்பிச்சிடும்.

தொகுப்பாளர்: இதைப் பத்திப் படிச்சப்ப எனக்குக் கிடைச்ச ஒரு தகவலை இங்கே சொல்லிடறேன். இந்தக் கத்தல் சுமார் 1,000 ஹெர்ட்ஸ்லேருந்து 16,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குமாம். நம்ம காது ரொம்பக் கூர்மையா கேக்கறது 2,000லேருந்து 5,000 வரைக்கும். அதனாலதான் சின்னக் கத்தல்கூட தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி இருக்கு. இன்னொண்ணு, டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல காப்புரிமை வாங்கினார். அவர் வச்சது செம்புப் பட்டை. இரும்பு டிஸ்க்ல செம்பு உரசினா என்ன ஆகும்? அலறல். அதே நாட்டுல ஹெர்பர்ட் ஃபுரூட்னு ஒருத்தர் 1897-லேயே பிரேக் பட்டை செய்யற தொழிலை ஆரம்பிச்சிருந்தார். அவர் பேர் எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு, மனைவி எலிசபெத் பேரோட முதல் எழுத்தையும் சேர்த்ததுதான் 'ஃபெரோடோ'ங்கற பிராண்டு. அந்தப் பக்கத்துலேருந்து வந்த ஆஸ்பெஸ்டாஸ் பட்டைதான் கடைசியில அந்த அலறலை அடக்குச்சு. டிஸ்க் பிரேக்குக்கும் இந்தப் புகாருக்கும் ஒரே வயசு.

மெக்கானிக்: ஆஸ்பெஸ்டாஸ் அடக்குச்சு, ஆனா மூச்சுக்கு எமன். இப்ப நல்ல கம்பெனிப் பேடுல அது கிடையாது. விலை குறைஞ்ச, பேர் தெரியாத பேடுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதனால என் பட்டறையில பிரேக் தூசியைக் காத்தடிச்சு ஊத விடறதில்லை. ஈரம் பண்ணித்தான் துடைக்கணும்னு பசங்ககிட்ட சொல்லிவச்சிருக்கேன். வீட்டுல நீங்களே மாத்தினாலும் வாயால ஊதாதீங்க.

தொகுப்பாளர்: நேயருக்கு இப்ப இருக்கற சந்தேகம், பேடே டூப்ளிகேட்டா இருக்குமோன்னு.

மெக்கானிக்: இருக்கலாம். ஆனா பத்து வண்டி "புது பேடு கத்துது"ன்னு வந்தா, பெரும்பாலும் பேடு மேல தப்பு இருக்காது. பேடைச் சுத்தி செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டிருப்பாங்க. பழைய பேடை உருவிட்டுப் புதுசைச் சொருகினா வேலை இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒழுங்கா செஞ்சா ஒரு சக்கரத்துக்கே முக்கால் மணி நேரம் ஆகும். வித்தியாசம் அங்கதான்.

முதல்ல டிஸ்க்கு. பழைய பேடு அது மேல தன்னோட பூச்சை ஒரு மெல்லிசு படலமா விட்டிருக்கும். விளிம்புல ஒரு வரப்பு மாதிரி எழும்பியிருக்கும், நடுவுல கோடு கோடா இருக்கும். புது பேடு தட்டையா இருக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது, மேடான இடத்துல மட்டும் தொடும். எமரி பேப்பரை வச்சு டிஸ்க்கு மேல குறுக்கும் நெடுக்குமா தேய்ச்சுப் பழைய பளபளப்பை எடுக்கணும். அப்புறம் பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைக்கணும். அது இல்லைன்னா சோப்புத் தண்ணி போட்டுக் கழுவிக் காயவிடுங்க. டீசலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கிடும். வரப்பு பெருசா இருந்தா லேத்துல கடையலாம், அதுக்கும் அளவு இருக்கு. இவ்வளவுக்குக் கீழ தேயக் கூடாதுன்னு குறைஞ்சபட்ச கனம் டிஸ்க்லேயே பொறிச்சிருக்கும். அளந்து பாக்காம "ஒரு கடைசல் போட்டுடலாம்"னு சொல்றவர்கிட்ட கொடுக்காதீங்க.

அடுத்தது பேடு உக்கார்ற இடம். அங்க மெல்லிசா ஸ்டீல் கிளிப் இருக்கும். அதுக்கு அடியில துரு ஏறி உப்பியிருந்தா பேடு முன்னும் பின்னும் நகராது, இறுக்கமா நிக்கும். கிளிப்பைக் கழட்டி, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, முடிஞ்சா புது கிளிப் போடணும். நல்ல பேடு செட்ல கிளிப்பும் சேர்ந்தே வரும். அதைப் பாதிப் பேர் பொட்டியோட தூக்கிப் போட்டுடறாங்க, எனக்கு இதுதான் புரியறதே இல்லை. பேடு முதுகுல ஒட்டியிருக்கற ஷிம்மும் அப்படித்தான். சத்தத்தைக் குடிக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் வச்ச தகடு. "இது எதுக்கு?"ன்னு பிச்சுப் போட்டா கத்தாம என்ன செய்யும்?

தொகுப்பாளர்: கிரீஸ் எங்கேயுமே போடக் கூடாதா?

மெக்கானிக்: போடணும், இடம் தெரிஞ்சு போடணும். பேடோட முதுகுல பிஸ்டன் வந்து தொடற இடம், பேடோட காது போய் உக்கார்ற இடம், காலிபர் ஓடற ஸ்லைடு பின். இந்த மூணு இடத்துல மட்டும், மெல்லிசா. டிஸ்க்கைத் தொடற முகத்துல கூடவே கூடாது. அதுலயும் சாதாரண கிரீஸ் ஆகாது. பிரேக்குக்குன்னு சிலிக்கான் கிரீஸோ செராமிக் கிரீஸோ சின்ன டியூப்பா விக்குது. பின்னைச் சுத்தி இருக்கற ரப்பர் உறை பெட்ரோலியம் கிரீஸ் பட்டா ஊதிப்போயிடும், பின் மாட்டிக்கும்.

"பிரேக் ஆயில்"னு நாம சொல்றோமே தம்பி, அது எண்ணெயே கிடையாது. கிளைகால்ல செஞ்ச திரவம். பேரைக் கேட்டு ஏமாந்து யாரோ என்ஜின் ஆயிலை டப்பாவுல ஊத்தி, உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் வீங்கி, மாஸ்டர் சிலிண்டர்லேருந்து நாலு சக்கரமும் புதுசா மாத்தின வண்டி ஒண்ணு என்கிட்ட வந்திருக்கு.

இந்த ஸ்லைடு பின்னைப் பத்திக் கொஞ்சம் அதிகமா சொல்லணும், ஏன்னா நம்ம ஏரியாவுல ரொம்ப அடி வாங்கறது அதுதான். பல சின்ன கார்ல பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள்பக்கப் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில காலிபரே பின் மேல வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்தும். பின் மாட்டிக்கிட்டா ஒரு பேடு மட்டும் வேலை செய்யும். பெடலை விட்டாலும் முழுசா விலகாது, உரசிட்டே இருக்கும். பின்னை உருவி, துருவைத் துடைச்சு, கிரீஸ் வச்சுத் திரும்பப் போட்டா கையால தள்ளினாலே நகரணும். சில வண்டில ரெண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணுல ரப்பர் புஷ் இருக்கும். மேல கீழ மாத்திப் போட்டுடக் கூடாது.

தொகுப்பாளர்: நம்ம ஏரியாவுலன்னு சொன்னீங்க. தூசியையா சொல்றீங்க?

மெக்கானிக்: ஆமா. வளையமாதேவிக்காரருக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? 2023 ஜூலைல பரவனாறு மாற்றுக் கால்வாய்க்குன்னு விளைஞ்சு நின்ன நெல்லுல பொக்லைன் இறங்கின ஊராச்சே. ரெண்டாம் சுரங்கம் பக்கத்துல, சேத்தியாத்தோப்பு வடலூர் ரோட்டுல டிப்பர், விக்கிரவாண்டி தஞ்சாவூர் நாலு வழிச் சாலை வேலை வருஷக்கணக்கா நடந்த மண்ணு. எல்லாரும் நிலக்கரித் தூசின்னு சொல்வாங்க. பழுப்பு நிலக்கரி மெத்துனு இருக்கும் தம்பி, அது டிஸ்க்கை ஒண்ணும் பண்ணாது. நிலக்கரிக்கு மேல மூடியிருக்கற மண்ணை வெட்டி எடுக்கறாங்க பாருங்க, அந்த மணல்தான் வில்லன். அது வார்ப்பிரும்பைவிடக் கெட்டி. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு பருக்கை மாட்டினா கோடு போட்டுட்டே போகும். ஐப்பசி கார்த்திகைல அதே தூசி சேறாகிப் பின்னோட ரப்பர் உறை கிழிஞ்ச இடத்துல உள்ள போயிடும். டவுன்ஷிப்ல ஒரு வட்டத்துலேருந்து இன்னொரு வட்டத்துக்கு ஓடற வண்டி நாலு வருஷம் தாங்கற இடத்துல, இந்த ரோட்டுல ஓடற வண்டிக்கு வருஷா வருஷம் பின்னைத் திறந்து பாத்துடணும்.

தொகுப்பாளர்: பேடு வாங்கும்போது என்ன பாக்கணும்?

மெக்கானிக்: வண்டிக் கம்பெனியோட ஒரிஜினல், இல்லைன்னா பேர் தெரிஞ்ச கம்பெனி. தூரமே போக வேண்டாம், சென்னை பாடியில 1962-ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா இருக்கு, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இருக்கு, ரானே இருக்கு. இந்த வேலையில தமிழ்நாடு பழம் தின்னு கொட்டை போட்டது. பேடு ஓரத்துல ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஆறின பேடோட பிடிமானம், ரெண்டாவது சூடான பேடோடது. எழுத்து மேல போகப் போகப் பிடிமானம் அதிகம். அதை வச்சுத் தரத்தைச் சொல்ல முடியாது. ஆனா பழசுல இருந்ததுக்கும் புதுசுக்கும் எழுத்து வேற வேறயா இருந்தா, கத்தறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உலோகத் துகள் அதிகம் கலந்த பேடு நல்லாப் பிடிக்கும், சத்தமும் கொஞ்சம் அதிகம்.

தொகுப்பாளர்: "ஓட ஓட சரியாயிடும்"ங்கறது பொய்யா?

மெக்கானிக்: பாதி உண்மை. புது பேடு டிஸ்க்கு மேல தன்னோட படலத்தைச் சமமாப் பூசணும். அதுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதை நாமளே சீக்கிரம் பண்ணி வைக்கலாம். பேடு பொட்டியில முறை போட்டிருந்தா அதும்படி செய்யுங்க. இல்லைன்னா, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துலேருந்து 10 வரைக்கும் நிதானமா மிதிச்சுக் குறைங்க. முழுசா நிறுத்தாதீங்க. அரை நிமிஷம் ஓட விட்டுத் திரும்ப. இப்படி எட்டு, பத்து தடவை. முடிஞ்சதும் நாலஞ்சு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டி ஆற விடுங்க. சூடா இருக்கும்போது நிறுத்திட்டுப் பெடலை மிதிச்சபடியே நின்னா பேடு பட்ட இடத்துல தடிப்பா ஒரு திட்டு ஒட்டிக்கும், அப்புறம் பெடல் துடிக்கும். சூடான டிஸ்க்ல தண்ணியும் அடிக்காதீங்க.

இதை எங்க பண்றதுங்கறதுதான் விஷயம். பின்னாடி யாரும் வரக் கூடாது. சேத்தியாத்தோப்புல சர்க்கரை ஆலை ஓடற சீசன்னா கரும்பு டிராக்டர் வரிசையா நிக்கும், அறுவடைன்னா பாதி ரோட்டுல நெல்லு காயும். விடியக்காலைல, நேரான ரோடா பாத்து, தனியா போய்ப் பண்ணுங்க. அம்மாவை வச்சிட்டு வேண்டாம். இன்னொண்ணு, பேடு மாத்தின உடனே வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பெடலைக் கெட்டியாகற வரைக்கும் மிதிச்சு மிதிச்சு விடணும். பிஸ்டனை உள்ள தள்ளி வச்சிருப்பாங்க, முதல் மிதி அப்படியே தரை வரைக்கும் போகும். பட்டறைச் சுவத்துல இடிச்ச வண்டியெல்லாம் இதனாலதான்.

தொகுப்பாளர்: இப்ப அவர் அனுப்பின சத்தத்தைப் போடறேன், கேளுங்க.

[குரல் செய்தியோடு வந்த பதிவு ஒலிக்கிறது. இரண்டு முறை கேட்டார்.]

மெக்கானிக்: இதுல ரெண்டு சத்தம் இருக்கு தம்பி. முதல்ல வர்றது காலைல வண்டியை எடுத்ததும் ரெண்டு மூணு பிரேக்குக்கு மட்டும் கத்தி நின்னுடுது. அது ராத்திரிப் பனியில டிஸ்க்கு மேல படிஞ்ச லேசான துரு. உரசினா போயிடும், அதுக்குக் கவலையே வேண்டாம்.

ரெண்டாவதுதான் விஷயம். ரோட்டுல ஓடிட்டு இருக்கும்போது, பிரேக் மிதிக்காமலே, 'கீ… கீ… கீ…'ன்னு சக்கரம் சுத்தற தாளத்துக்கு வருது. "மிதிச்சா நின்னுடுது, விட்டா திரும்ப வருது, இடது பக்கமா கேக்குது"ன்னு அவரே சொல்றார் பாருங்க. நாம இவ்வளவு நேரம் பேசின கத்தல் பிரேக் மிதிக்கும்போது வர்றது. இது மிதிக்காதபோது வர்றது. இதுக்குப் பேடு பழகற கதை பொருந்தாது. மூணு வாரம் இல்லை, மூணு மாசம் ஓட்டினாலும் தானா சரியாகாது.

தொகுப்பாளர்: அப்ப என்னவா இருக்கும்?

மெக்கானிக்: திறந்து பாக்காம முடிவா சொல்லக் கூடாது. ரெண்டுல ஒண்ணா இருக்கும்னு தோணுது. பல பேடுல ஓரமா வளைஞ்ச ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குத் தேய்ஞ்சதும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தி, "மாத்து"ன்னு சொல்லும். அதுக்குன்னே வச்சது. பேடை உள்ள வெளிய மாத்திச் சொருகினாலோ, மாட்டும்போது தகடு வளைஞ்சாலோ புது பேடுலேயே கத்தும். இடது பக்கமும் வலது பக்கமும் கண்ணாடியில பாக்கற மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஒத்து இருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சிடும். அதுன்னா அஞ்சு நிமிஷ வேலை. இன்னொண்ணு, நான் சொன்ன ஸ்லைடு பின். அது மாட்டியிருந்தா பேடு விலகாம உரசிட்டே ஓடும்.

எதுன்னு அவரே வீட்டுல ஓரளவு கண்டுபிடிக்கலாம். பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாம ஓட்டிட்டு வந்து நிறுத்தி, முன்சக்கரம் ரெண்டு பக்கமும் உள்ளங்கையைக் கிட்டக் காட்டட்டும். தொட வேண்டாம், சுட்டுடும். இடது பக்கம் மட்டும் அனல் அடிச்சா பின்னோ பிஸ்டனோ மாட்டியிருக்கு. அப்புறம், மாத்தின இடத்துல கழட்டின பழைய பேடு இன்னும் இருந்தா கேட்டு வாங்கட்டும். அது சாட்சி மாதிரி. இடது சக்கரத்துப் பேடுல உள்பக்கம் நல்லாத் தேய்ஞ்சு வெளிப்பக்கம் தேயாம இருந்தா, பின் ரொம்ப நாளாவே மாட்டிட்டு இருக்குன்னு அர்த்தம். பழைய பேடு போனதுக்குக் காரணமே அதுவா இருக்கும், புதுசும் அதே வழியில போகும்.

தொகுப்பாளர்: அவரோட ரெண்டாவது கேள்வி. அம்மாவை வச்சு ஓட்டலாமா?

மெக்கானிக்: இடது சக்கரத்தைத் திறந்து பாக்கற வரைக்கும் வேண்டாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லலை, காரணம் இருக்கு. பேடு உரசிட்டே ஓடினா சூடு ஏறிட்டே இருக்கும், அந்தச் சூடு பிஸ்டன் வழியா பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 வகைன்னா புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் தாங்கணும்னு கணக்கு. ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்துட்டா 140 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பிக்கலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி, ஆவியை அமுக்கினா அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஏழு வருஷ வண்டின்னார். பிரேக் ஆயில் மாத்தினதைப் பத்தி அந்தப் பதிவுல ஒரு வார்த்தை கூட இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், மாத்தலைன்னா இதோட சேர்த்து மாத்திடட்டும்.

ஓடும்போது கர்ர்ர்னு இரும்பு இரும்பை அரைக்கற சத்தமோ, கருகின வாசனையோ, பெடல் இறங்கறதோ இருந்தா வேலைக்கும் ஓட்ட வேண்டாம், அங்கேயே ஓரம் கட்டிடணும். அதெல்லாம் இல்லை, கத்தல் மட்டும்தான்னா, மெதுவா ஓட்டி ஏதாவது ஒரு பட்டறைக்கு வரலாம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அம்மா சொன்ன மாதிரி சேத்தியாத்தோப்புலேருந்து பஸ் பிடிச்சே போயிட்டு வரட்டும். சக்கரத்தைத் திறக்கும்போது அவரும் பக்கத்துல நிக்கட்டும். "பின் நகருதா, நான் ஒரு தடவை தள்ளிப் பாக்கறேன்"னு கேக்கட்டும். ஒழுங்கா வேலை செய்யறவர் யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.